புரூஃப் ஃபோல்டர்

இப்போதே புதுப்பி. பிறகு. இரண்டே பொத்தான்கள். முதலாவது நீலம், இரண்டாவது சாம்பல். கீரை ஆயலாம் என்று ஒன்பதே முக்காலுக்கு முறத்தோடு கணினி முன்னால் வந்து உட்கார்ந்தேன். இப்போது பத்தேகால், நாலு தண்டுகூட ஆயவில்லை. இரண்டு வருஷமாக நான் சாம்பலைத்தான் அமுக்கி வருகிறேன். அந்த அறிவிப்பும் சளைக்காமல், வரன் கொண்டுவருகிற தரகர் மாதிரி, மறுநாள் காலையில் வந்து நிற்கும். உங்கள் இயங்குதளம் பழையதாகிவிட்டது, புதுப்பித்தால்தான் மேகத்தோடு ஒத்திசைவு மறுபடி தொடங்கும், உங்கள் கோப்புகள் எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும். விட்ட இடத்திலேயே இருக்குமாம். எந்த மகராசன் இதைத் தமிழில் எழுதினானோ, அவன் வீட்டில் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும்போல. பன்னிரண்டு மணிக்கு அத்தான் ஃபோன் செய்வார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் சண்முகவேலு. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையின் மேட்டரை நான்தான் அடித்துக் கொடுக்கிறேன், ஊரில் பாதிப் பத்திரிகைக்கு நான்தானே அடிக்கிறேன். எல்லாம் அடித்தாயிற்று, பெண்ணின் சித்தப்பா பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். திரு என்று போட வேண்டுமா, அமரர் என்று போட வேண்டுமா. அந்தச் சித்தப்பாதான் என் வீட்டுக்காரர், ச. குற்றாலலிங்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் வேலைக்குப் போனவர்.

நேற்று அத்தான் நயமாகத்தான் கேட்டார். "ஆவுடை, எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. பன்னெண்டு வருசம் காத்திருக்கணும்னு சாத்திரம், நான் இல்லைங்கல. ஆனா சம்பந்தகாரங்க கேக்காவள்லா, இருக்காவளா இல்லையான்னு. ஒரு வார்த்தை தெளிவா போட்டுரணும். நாளைக்கு பன்னெண்டு மணிக்கு கூப்பிடுதேன், நீயே சொல்லிரு." நானே சொல்லிவிட வேண்டுமாம். திரு என்று போட்டால் நான் பொட்டோடும் பூவோடும் மண்டபத்தில் நிற்பேன், ஆரத்தித் தட்டை என் கையில் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஆளாளுக்கு மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். அமரர் என்று போட்டால் ஒரு குழப்பமும் இல்லை, நான் பின்வரிசைக்குப் போய்விடலாம். ஆயிரத்து இருநூறு பத்திரிகை அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடும். எத்தனை பேருக்கு இந்தச் சொல்லை நான் அடித்திருக்கிறேன், அமரர் அமரர் என்று கை தானாகவே அடிக்கும். ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவில் யாரோ ஒருத்தருக்குத் தாலி இறங்கியிருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன்.

மகள் லோசனியிடம் கேட்டேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் புனேயிலிருந்து பேசினாள். புதுப்பித்தால் என்னுடைய பழைய எழுத்துருவெல்லாம் போய்விடாதா என்று ஆரம்பித்தேன், அது ஒரு சாக்கு. "ஒண்ணும் போகாதும்மா. மேல இருக்கது கீழ வரும், கீழ இருக்கது மேல போகும். அவ்வளவுதான்." மேலேன்னா எங்கட்டி என்றேன். "எங்கயோ ஒரு ஊர்ல பெரிய பெரிய மெஷின்ல இருக்கும்மா." சரி, மேலே இருக்கிறதை யாராவது மாற்றியிருந்தால்? "மாத்துனதுதான் கீழ வரும்." அப்புறம் பிள்ளையே கேட்டாள். "யாரும்மா மாத்தப் போறா? அப்பா ஃபோனையும் இந்தக் கம்ப்யூட்டரையும் விட்டா அந்த அக்கவுண்ட் வேற எங்க இருக்கு?" அதைத்தான் நானும் கேட்கிறேன். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தக் கணினிக்கு அது ஞாபகம் இருக்கிறது. அவருடைய ஃபோனுக்கும் இருக்கும், அந்த ஃபோன் என்று ஒன்று எங்காவது இருந்தால்.

வேலை அப்படித்தான் நடந்தது எங்களுக்கு, இருபது வருஷம். நான் மேட்டரை அடிப்பேன், அவர் புரூஃப் பார்ப்பார். முதலில் தாளில் பார்த்தார், கையில் ஃபோன் வந்த பிறகு லோசனிதான் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தாள். கணினியில் புரூஃப் என்று ஒரு ஃபோல்டர். நான் அடித்து அதில் போட்டால் அவர் ஃபோனில் போய் நிற்கும், அவர் திருத்தினால் இங்கே திருந்தி நிற்கும். வீரவநல்லூர்ப் பள்ளிக்கூட ஆபீசில் அவர் எழுத்தர். ஏழரை பஸ்ஸில் மேலப்பாளையம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைக்கும், உட்கார்ந்ததும் ஃபோனை எடுப்பார், பத்தமடை வருவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார். எட்டு பத்து, எட்டு பன்னிரண்டு. அந்த நேரத்துக்கு நான் இங்கே காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தால் கண் முன்னாலேயே எழுத்து மாறும். ஒரு ஆளும் இல்லாத அறையில், நான் விசையைத் தொடாமல், மணமகன் தாத்தா பெயரில் இரண்டெழுத்து அழிந்து வேறு இரண்டெழுத்து வரும். முதல் தடவை மயிர் கூச்செறிந்தது. அப்புறம் பழகிவிட்டது, சொல்லப்போனால் பிடித்துவிட்டது. ஆனால் மனிதர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இதைத் திருத்தினேன் என்று சாயங்காலம் வந்தும் சொல்ல மாட்டார். தப்பு இருந்த இடத்தில் தப்பு இருக்காது, அவ்வளவுதான். எந்தத் தப்பையும் அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. தன்னுடைய பிறந்த நாளைத் தவிர. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அஞ்சு வயசு ஆகவில்லை என்று ஒன்று ஆறு அறுபத்தாறு என்று வாத்தியாரே போட்டுக் கொடுத்தது அது, அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தானே. நிஜமாகப் பிறந்தது அதே வருஷம் ஐப்பசி பத்து, அக்டோபர் இருபத்தேழு. அவர் அம்மாவுக்குத் தெரியும், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாயிற்று. அத்தானைக் கேட்டால் ஆடியில் என்பார். அப்புறம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஐப்பசி பத்துக்கும் ரவா கேசரி கிண்டுவேன், எதற்கென்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் நான் சொன்னதை வேறு ஒருத்தி சொன்னதாகக் கூட நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை. மூன்றாவது தடவை திருத்தம். எனக்கு முதுகு வலி, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவர் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்து, நல்ல நேரம் ஒன்பதரைன்னு போட்டிருக்க, பஞ்சாங்கத்துல ஒன்பதே முக்கால் என்கிறார். "எதைக் கொடுத்தாலும் தப்பு கண்டுபிடிக்கத்தான் தெரியும் உங்களுக்கு. இனிமே நான் அடிச்ச எதையும் தொடாதிய. சும்மா இருங்களேன் ஒரு நாளாவது." இவ்வளவுதான் சொன்னேன். இதை விடப் பெரிதாக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். சும்மா இருங்களேன் என்றால் ஒரு மனிதர் இப்படியா சும்மா இருப்பார். மறுநாள் காலை எப்போதும் போல டப்பாவில் எலுமிச்சம்பழ சாதம் வாங்கிக்கொண்டு போனார், எப்போதும் போல வாரேன் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஃபோன் கடைசியாகப் பத்தமடைப் பக்கம் இருந்தது, அப்புறம் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். அந்த டப்பா மட்டும் மூன்றாம் நாள் பஸ் கண்டக்டர் மூலமாக வந்து சேர்ந்தது. கடைசி சீட்டுக்கு அடியில் இருந்ததாம். திறந்து பார்த்தேன். கழுவியிருந்தது. சாதம் தின்று, கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடி வைத்திருந்தது. சாகப் போகிறவன் டப்பாவைக் கழுவுவானா. விட்டுவிட்டு ஓடுகிறவன்தான் கழுவுவானா. யார் கழுவினாலும் எங்கே தண்ணீர் கிடைத்தது, எப்போது சாப்பிட்டார், காலை எட்டு மணிக்கு யார் எலுமிச்சம்பழ சாதம் சாப்பிடுவார்கள். நாலு வருஷமாக அந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடுகிறேன், மனசுக்குள்ளே. நிஜ டப்பா அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை.

அடுத்த வருஷம் ஆற்றில் ஒரு உடம்பு ஒதுங்கியது. குறுக்குத்துறைப் பக்கம். கட்டம் போட்ட சட்டை, அதே உயரம், அதே வழுக்கை. அத்தான் போய்ப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார். "அவன் மாதிரிதான் தெரியுது ஆவுடை. நீ வந்து பாத்து சொல்லணும்னு சொல்லுதாவ. கார் அனுப்புதேன். ஒண்ணு செய்யி, வாரதுக்குள்ள மேட்டரை அடிச்சு வச்சிரு. போஸ்டர் இன்னைக்கே ஒட்டியாகணும்." வேறு யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்கள். நான் உட்கார்ந்து அடித்தேன். அழக்கூட இல்லை. கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 1.6.1966. அவர் பிறந்த நாள் எனக்குத் தெரியும், ஆனாலும் ரேஷன் கார்டில் பார்த்த தேதியைத்தான் கை அடித்தது. மறைவு என்று போட்டுப் பக்கத்தில் புள்ளி வைத்து விட்டேன், டாக்டர் சொன்ன பிறகு நிரப்பலாம் என்று. வருந்தும் மனைவி, மகள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. கை எப்போதும் போடுகிற இடத்தில் அதைப் போட்டுவிட்டு எழுந்தது. புரூஃப் ஃபோல்டரில். இருபது வருஷப் பழக்கம், மேட்டர் முடிந்தால் அவர் பார்க்கட்டும் என்று அங்கேதான் போடுவேன். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். அவர் இல்லை. காது வேறு. யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர், அவள் எந்த ஊரில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாளோ. எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியைப் பார்த்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அவர் சாவை அடித்து, அவர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மறுநாள் காலை எட்டேகாலுக்கு வந்து பார்த்தேன், ஒன்று ஆறு அறுபத்தாறு அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் பார்த்தேன். அந்தத் தப்பு எனக்குத் தூண்டில் புழுவாகிவிட்டது, சொன்னால் என்ன. உயிரோடு இருந்தால், அந்த ஃபோன் கையில் இருந்தால், இதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. ஒரு வருஷம் தினமும் காலையில் எட்டேகாலுக்கு, பல் விளக்கினேனோ இல்லையோ, இங்கே வந்து நின்றேன். அப்புறம் ஒரு நாள் கணினியே சொன்னது, உங்கள் இயங்குதளம் பழையது, ஒத்திசைவு நிறுத்தப்பட்டது என்று. நிஜத்தைச் சொல்கிறேன், அன்றைக்கு மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இனிமேல் பார்க்க வேண்டியதில்லை. மேலே என்ன நடந்தாலும் கீழே வராது. அவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு நடுவில் நான் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டு இருக்கலாம். இந்தக் கணினியில் எனக்குத் துணைக்கு ஆளா இல்லை. நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அடித்த அஞ்சலிகள். ஒருத்தருடைய தாளைத்தான் அழித்து அடுத்தவருக்கு எடுப்பேன், அவர் பெயர் போய் இவர் பெயர் வரும், அவர் மாலை இவருக்கு. மத்தியான வேளையில் இதன் உள்ளே விசிறி திடீரென்று வேகம் எடுக்கும், நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். ஒத்திசைவுதான் நின்றுவிட்டதே, என்னத்தைத் தேடுகிறது என்று கேட்பேன், வாய்விட்டே கேட்பேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும் என்றுதான் இரண்டு வருஷமாகச் சாம்பல் பொத்தான். நீலத்தை அமுக்கி, தப்பு அப்படியே இருந்தால் இந்த இரண்டு வருஷமும் அவர் பார்க்கவில்லை, அப்படியானால் அமரர். திருந்தியிருந்தால். திருந்தியிருந்தால் என்ன செய்வேன் என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை. அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறது புத்தி.

பத்து நாற்பது. அவருடைய அஞ்சலி மேட்டரை ஒரு தடவை திறந்து பார்த்தேன். தோற்றம் 1.6.1966. மூடினேன். கரண்ட் போனால் பாதியில் நின்று எல்லாம் அழிந்தாலும் அழியும், அழிந்தால் அழியட்டும், அப்போது யாரையும் குறை சொல்ல முடியாது. நீலத்தை அமுக்கினது நான்தான், கை தானாக அமுக்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். திரை இருண்டது. ஒரு வட்டம் சுற்றியது, கணினியை அணைக்க வேண்டாம் என்றது. கறுத்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, பொட்டு நல்ல பெரிதாக. எனக்குப் பின்னால் அவர் நின்று எட்டிப் பார்க்கிற இடம் தெரிந்தது, அங்கே திரைச்சீலை மட்டும். மூன்று விழுக்காடு. பதினொன்று. பதினொன்றில் ரொம்ப நேரம் நின்றது. சும்மா இருங்களேன் ஒரு நாளாவது. முப்பது. கண்ணாடியில் திரைச்சீலை கொஞ்சம் உப்பி அடங்கியது, ஜன்னல் திறந்திருக்கிறது, காற்றுதான், நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இல்லை என்று தெரிந்துவிடும், தெரியாமல் இருப்பது எனக்கு நன்றாக வருகிறது, நாலு வருஷப் பயிற்சி. அறுபத்து நாலு. கீரை ஆய்ந்து முடித்தேன், எப்போது முடித்தேன் என்று தெரியவில்லை. இரண்டு தடவை அணைந்து அணைந்து எழுந்தது. தொண்ணூற்று ஒன்பது.

வணக்கம் என்றது. எல்லாம் விட்ட இடத்தில்தான் இருந்தது, சொன்ன சொல் தவறவில்லை. மூலையில் சின்ன மேகம், அதற்குள் அம்புக்குறி ஒன்று கீழே வந்து வந்து போனது. புரூஃப் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கோப்புகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சையாக ஒரு சரி விழுந்தது. காதுகுத்து சரி. கிரகப்பிரவேசம் சரி. கடைசியில் இருந்தது அவருடையது. அதில் மட்டும் அம்புக்குறி நின்று சுற்றியது, மேலேயிருந்து ஏதோ வருகிறது. விழுந்தது. பக்கத்தில் தேதி மாறியிருந்தது. திருத்திய நாள் போன அக்டோபர் இருபத்தேழு, காலை எட்டு பன்னிரண்டு. திறந்தேன். கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 27.10.1966. மறைவுக்குப் பக்கத்தில் புள்ளிகள், நான் வைத்தபடியே. வருந்தும் மனைவி என்பதை அவர் தொடவில்லை. வேறு எங்கும் ஒன்றும் இல்லை. மேலும் கீழும் தேடினேன், அடுத்த பக்கம் இருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன், ஒரு சொல் இல்லை. தன்னுடைய பிறந்த நாளன்று ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து தன் சாவுப் போஸ்டரைத் திறந்திருக்கிறார், பெண்டாட்டி அடித்தது, படித்திருக்கிறார், ஒரு தேதியைத் திருத்தியிருக்கிறார், ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார். இல்லையென்றால். இல்லையென்றால் என்ன, வேறு யாருக்கு அந்தத் தேதி தெரியும். ஒரு ஆள் இல்லாத இடத்திலிருந்து ஒரு விரல் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும். அழுகை வருமென்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, பால் பொங்கின அன்றைக்கு வந்த அதே கோபம், ஒரு சொட்டுக் குறையாமல். உயிரோடு இருக்கிற மனிதருக்குச் சொல்ல இதுதானா கிடைத்தது.

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். கல்யாணப் பத்திரிகை மேட்டரைத் திறந்தேன். சித்தப்பா பெயருக்கு முன்னால் விட்டிருந்த இடத்தில் அமரர் என்று அடித்தேன். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து. அமரர் ச. குற்றாலலிங்கம். பக்கத்தில், கை பழகியபடி, ஆவுடையம்மாள். அதை எடுத்துப் புரூஃப் ஃபோல்டரில் போட்டேன். மேகத்துக்குள் அம்புக்குறி இந்தத் தடவை மேலே பார்த்துத் திரும்பியது, கொஞ்ச நேரம் சுற்றியது, பச்சை விழுந்தது. சொன்னபடி பன்னிரண்டுக்கு ஃபோன் அடித்தது.

"என்ன ஆவுடை, என்ன போட்டுருக்க?"

"அமரர்னு போட்டுருக்கேன் அத்தான்."

அவர் மூச்சு விட்டது கேட்டது. "நல்லதும்மா. மனசைத் தேத்திக்கோ. அப்ப இன்னைக்கே அச்சுக்குக் கொடுத்துரலாம்லா?"

"இன்னைக்கு வேண்டாம். புரூஃப் போயிருக்கு."

"யாருக்குப் போயிருக்கு? நீயே பாக்கதுதான?"

"பாக்குதவியளுக்குத்தான்" என்றேன். "நாளைக்குக் காலைல எட்டேகால் வரைக்கும் பொறுங்க அத்தான். அதுக்குள்ள திருத்தம் ஒண்ணும் வரலைன்னா அடிச்சிருங்க."